மூன்று பை இரத்தமும் பதினான்கு சகோதரர்களும்

பிலிப்பைன்ஸ் நாட்டின் இலோயிலோ நகரத்தில் ஸீட்டா உப்சிலான் ஸீட்டா என்றொரு மாணவர் சேவைச் சங்கம் இருந்தது. அந்த மூன்று எழுத்தும் கிரேக்கம். சங்கத்தில் கிரேக்கம் தெரிந்தவர் ஒருவரும் இல்லை. தெரியாது என்று ஒப்புக்கொண்டவரும் ஒருவரும் இல்லை. பல்கலைக்கழக விளையாட்டரங்கின் பின்பக்கம், கிழிந்த குஸ்திப் பாய்களைப் போட்டு வைத்திருந்த அறைக்கு அடுத்த அறையில் அவர்கள் கூடுவார்கள். வாசலில் ‘அனைவருக்கும் சேவை’ என்று பெரிதாக எழுதியிருக்கும். அதற்குக் கீழே, ‘உறுப்பினர் தவிர மற்றவர் உள்ளே வரக்கூடாது’ என்று அதைவிடப் பெரிதாக எழுதியிருக்கும்.

அந்த வாசலில் எலிசார் இரண்டு வருடமாக நின்றுகொண்டிருந்தான். மீன்வளப் படிப்பு, மூன்றாம் ஆண்டு. உறுப்பினராகக் காத்திருப்பவனை அங்கே ‘நியோ’ என்பார்கள். நியோவாகப் பன்னிரண்டு பேர் சேர்ந்தார்கள். ஒரே மாதத்தில் ஜோவெலின் என்ற பெண், “போங்கடா, எனக்கு வேற வேலை இருக்கு” என்று கையை உதறிவிட்டுப் போனாள். அவளைப் பார்த்து மற்றவர்களும் ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள். மிஞ்சியது எலிசார் மட்டும். அவனுக்குக் கழன்றுகொள்ளத் தெரியாது. சொன்னால் செய்வான், சொல்லாவிட்டால் என்ன செய்யவேண்டும் என்று போய்க் கேட்பான். அப்படிப்பட்ட பிள்ளை.

சங்கம் பேர்போனது இரத்ததான முகாமுக்கு. முகாம் என்றால் எலிசார் விடியற்காலையிலேயே கட்டில் சுமப்பான். துறைமுகத்துக்குப் போய் மூட்டைத் தூக்கிகளிடம் கெஞ்சிக் கூத்தாடி ஆள் கூட்டி வருவான். படிவம் எழுதுவான், பிஸ்கட் கொடுப்பான், மயங்கி விழுந்தவருக்கு விசிறுவான், ஆள் குறைந்தால் தானே படுத்துக் கையை நீட்டுவான். பதினான்கு உறுப்பினர்களும் பேனர் பிடிப்பார்கள். பேனர் அவ்வளவு நீளமா என்று கேட்காதீர்கள். பதினான்கு பேருக்கு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு நீளம்.

ஒரு திங்கட்கிழமை எலிசாரின் அம்மா நெலியா சந்தையில் மயங்கி விழுந்தாள். கர்ப்பப்பையில் கட்டி, மாதக்கணக்காக இரத்தம் போயிருக்கிறது, மகனிடம் மூச்சுவிடவில்லை. வெள்ளிக்கிழமை அறுவை சிகிச்சை என்றார் டாக்டர். மூன்று பை இரத்தம் ஏற்றவேண்டும், அதற்கு ஈடாக வெள்ளி காலை எட்டு மணிக்குள் மூன்று பேர் வந்து இரத்த வங்கியில் கொடுத்தாகவேண்டும், எந்த வகையானாலும் சரி, ஆள் வராவிட்டால் சிகிச்சை தள்ளிப்போகும், தள்ளிப்போனால் தான் பொறுப்பல்ல என்றும் சொன்னார்.

எலிசாரின் அப்பா கப்பலில் வேலை. அந்த வாரம் பிரேசில் பக்கம் எங்கோ இருந்தார். சொந்தக்காரர்களில் ஒருவருக்குச் சர்க்கரை, ஒருவருக்கு இரத்தக்கொதிப்பு, ஒருவருக்கு ஊசி என்ற சொல்லைக் கேட்டாலே கண் இருட்டும். ஒரு பை எலிசார் கொடுத்துவிடுவான். மீதி இரண்டு?

இதற்கெல்லாம் அவன் கலங்கவில்லை, பாவம். சங்கத்தின் ஏழாவது விதி அவனுக்கு மனப்பாடம்: ‘உறுப்பினரின் தாய் தந்தையருக்கு மூன்று பை வரை இரத்தம் வழங்குவது சங்கத்தின் புனிதக் கடமை.’ மூன்று பை! அம்மாவுக்காகவே எழுதி வைத்த மாதிரி இருந்தது. நேராக ஓடினான்.

ஓடி என்ன பயன்? நியோ ஒருவன் சங்கத்தில் வாயைத் திறக்குமுன் சேவை உறுதிமொழியின் பன்னிரண்டு வரியையும் சொல்லவேண்டும், வலது கையை நெஞ்சில் வைத்து. ஒவ்வொரு முறை வாயைத் திறக்கும்போதும். எலிசார் மூச்சிரைக்கப் பன்னிரண்டு வரியும் சொல்லி முடித்து, “அம்மாவுக்கு வெள்ளிக்கிழமை ஆபரேஷன், மூணு பை ரத்தம் வேணும்” என்றான்.

“எந்த வெள்ளிக்கிழமை?” என்றார் மகா தலைவர் க்ளோடுவால்டோ.

எலிசார் மறுபடி நெஞ்சில் கை வைத்துப் பன்னிரண்டு வரியும் சொன்னான். “இந்த வெள்ளிக்கிழமை.”

மகா தலைவரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவேண்டும். தலைவராக இருப்பவர் மாணவராக இருக்கவேண்டும் என்று விதி. ஆகவே அவர் ஒன்பதாவது வருடமாக மாணவராக இருந்தார். மற்ற பாடமெல்லாம் எப்போதோ முடிந்துவிட்டது. நீச்சல் பாடம் மட்டும் பாக்கி. ஒவ்வொரு பருவமும் அதில் சேர்வார், ஒவ்வொரு பருவமும் தோற்பார். மீனவர் மகன், நடக்குமுன் நீந்தியவர். தேர்வு நாளில் குளத்தின் ஓரக் கம்பியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு அவர் அசையாமல் மிதக்கிற அழகை வாத்தியார்கள் வந்து பார்ப்பார்கள்.

“கவலைப்படாதே தம்பி,” என்றார் அவர், எங்கள் ஊருக்கே உரிய இழுவையில். இலோயிலோக்காரர்கள் அடிக்க வந்தால்கூடத் தாலாட்டுப் பாட வந்த மாதிரித்தான் இருக்கும். “விதி இருக்கு, நாங்க இருக்கோம். ஒரே ஒரு சந்தேகம்தான். நீ உறுப்பினனா?”

செவ்வாய்க்கிழமை மாலை அந்தச் சந்தேகத்தைத் தீர்க்கக் கூட்டம் கூடியது. விதிக்காப்பாளன் மெர்வின் சிவப்பு உறை போட்ட புத்தகத்தைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு வந்தான். சங்கத்தின் நிரந்தர ஆலோசகரான அட்டர்னி பான்சாலானும் வந்திருந்தார். வழக்கு இல்லாத நாளில் வருவார். எல்லாக் கூட்டத்துக்கும் வருவார்.

எலிசார் உறுப்பினனா என்பதைப் பேசுமுன், அதைச் சொல்லும் அதிகாரம் யாருக்கு என்று பேசவேண்டியிருந்தது. மெர்வின் மூன்றாம் விதியைப் படித்தான்: “விதிகளுக்குப் பொருள் சொல்லும் உரிமை மகா தலைவருக்கே.” உடனே அட்டர்னி கையைத் தூக்கி, நான்காம் விதியைப் படிக்கச் சொன்னார்: “மகா தலைவரின் அதிகாரம் விதிகள் சொல்லும் அளவுக்கே.”

“பாத்தீங்களா?” என்றார் அட்டர்னி. “அளவு இருக்கு.”

“அந்த அளவு எவ்வளவுன்னு பொருள் சொல்றது யாரு?” என்றார் மகா தலைவர்.

“நீங்க.”

“அப்ப அளவில்லைன்னு பொருள் சொல்றேன்.”

கைதட்டல். அட்டர்னி விடவில்லை. மகா தலைவர் மகா தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டது சரியா என்று பொருள் சொல்லும் உரிமை பழைய மாணவர்களுக்குத்தானே என்று கிளப்பினார். இப்படியே இரண்டு மணி நேரம் போயிற்று. எலிசார் நடுவில் இரண்டு முறை பன்னிரண்டு வரியும் சொல்லி, “வெள்ளிக்கிழமை காலைல எட்டு மணிக்கு” என்று நினைவூட்டினான். இரண்டாவது முறை சொல்லி முடித்தபோது எல்லாருக்கும் பசித்துவிட்டது. பதினைந்து கிண்ணம் பாட்சோய் வாங்கிவர அவனை அனுப்பினார்கள். நூடுல்ஸ் சூடாக இருக்கவேண்டும், ஈரல் தாராளமாக இருக்கவேண்டும், அட்டர்னிக்குப் பூண்டு தூக்கலாக.

அவன் பதினைந்து கிண்ணத்தையும் சிந்தாமல் தூக்கிக்கொண்டு திரும்பியபோது முடிவு எடுத்தாகிவிட்டது. எலிசார் நியோ, ஆகவே உறுப்பினன் அல்ல. ஆனால் இரண்டு வருடம் காத்திருந்ததால், உறுப்பினன் அல்லாதவனும் அல்ல. வியாழக்கிழமை மீண்டும் கூடுவது. மெர்வின் பதிவேட்டில் எழுதிக்கொண்டிருந்ததை எலிசார் கிண்ணம் வைக்கிற சாக்கில் எட்டிப் பார்த்தான். ‘சேவை: மூன்று மணி நேரம். உறுப்பினர் பதினான்கு பேருக்கும்.’

“எந்தச் சேவை?” என்று அவனையறியாமல் வாயில் வந்துவிட்டது.

“பொருள் சொன்னது சேவை இல்லையாடா?” என்றான் மெர்வின். “உறுதிமொழி சொல்லாம பேசினியே, போய்ச் சொல்லிட்டு வா.”

அன்று ராத்திரி எலிசாருக்குத் தூக்கம் வரவில்லை. ஏதோ ஒன்று உறுத்திற்று, என்னவென்று பிடிபடவில்லை.

அது புதன்கிழமை இரத்த வங்கியில் பிடிபட்டது. தன் பெயரை முன்பதிவு செய்யப் போயிருந்தான். அங்கே நர்ஸ் க்ளாரிபெல், முகாம்களில் பார்த்துப் பழகிய அம்மாள், படிவத்தை நிரப்பிக்கொண்டே வழக்கமான கேள்விகளைக் கேட்டாள். காய்ச்சல் உண்டா? மாத்திரை உண்டா? கடைசியாகக் கொடுத்து மூணு மாசம் ஆயிடுச்சா?

“உடம்புல புதுசாப் பச்சை ஏதும் குத்தலையே?”

“இல்லீங்க மாம். ஏன்?”

“குத்தினா ஒரு வருஷத்துக்கு ரத்தம் எடுக்கமாட்டோம்ப்பா. ஊசி சுத்தமோ என்னவோ, யாருக்குத் தெரியும்? அது சரி, நீதான் எப்பவும் வர்றே. உங்க சங்கத்துல பேனர் பிடிக்கிற மத்தவங்கள்லாம் எங்கே? பதினெட்டு வருஷமா இந்த வேலைல இருக்கேன், ஒருத்தரும் என் கட்டில்ல படுத்து நான் பாத்ததில்ல.”

எலிசார் பேனாவை மூடினான், திறந்தான், மூடினான். எட்டாவது விதி: ‘ஒவ்வொரு ஜூலையிலும் சங்க முத்திரையில் ஒரு நட்சத்திரம் சேர்த்துப் பச்சை குத்திப் புதுப்பித்துக்கொள்பவரே உறுப்பினர்.’ ஒவ்வொரு ஜூலையும். வருடம் தவறாமல். அவனும் போன ஜூலையில் விளக்குப் பிடித்தானே! மகா தலைவர் கையில் ஒன்பது நட்சத்திரம். வேகிற வெயிலிலும் முகாமுக்கு முழுக்கைச் சட்டையில் வருவார்கள் எல்லாரும். மரியாதைக்காக என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தான்.

இரத்தம் கொடுப்பதற்கென்றே ஒரு சங்கம். அதில் உறுப்பினராகவேண்டுமென்றால் இரத்தம் கொடுக்க முடியாதபடி ஆகவேண்டும். இது அவர்களுக்குத் தெரியாதா? தெரிந்தேதானா? ஒன்பது வருடம் நீச்சலில் தோற்கத் தெரிந்த மனிதருக்கு இது தெரியாமலா இருக்கும்? ஜீப்னியில் தொங்கிக்கொண்டு வரும்போது எலிசாருக்குப் பதினான்கு முகமும் ஒவ்வொன்றாக வந்து போயிற்று. ஒன்றையும் நம்ப முடியவில்லை.

மருத்துவமனையில் அம்மா கேட்டாள், “ஆள் கிடைச்சாச்சா தோத்தோ?” ஊரில் பையன்களை அப்படித்தான் கூப்பிடுவோம். அவள் உதடு வெளுத்துக் காகிதம் மாதிரி இருந்தது. “கிடைச்சிடும்மா, சங்கத்துல பேசிக்கிட்டிருக்காங்க” என்றான். அம்மா நிம்மதியாகக் கண்ணை மூடிக்கொண்டாள்.

வியாழன் மாலை நாலு மணி. அறை நடுவில் ஒரு நாற்காலி, பக்கத்தில் மெழுகுவர்த்தி, ஊசி இயந்திரம். விதிக்காப்பாளன் மெர்வின்தான் ஊசிக்காப்பாளனும். அட்டர்னி எழுந்து தீர்ப்பைப் படித்தார்.

“ஒன்று: எலிசார் இன்றுவரை உறுப்பினன் அல்ல. ஆகவே இரத்தம் கிடையாது. இரண்டு: அவன் சேவையை மெச்சி இப்பவே முத்திரை குத்த அனுமதிக்கிறோம். குத்தின கணத்திலிருந்து அவன் உறுப்பினன். ஆகவே மூன்று பை உண்டு.” கைதட்டல். “மூன்று: சங்க மரபுப்படி இரத்தம் கொடுக்கும் பாக்கியம் நியோக்களுக்கே உரியது. நான்கு: சங்கத்தில் இப்போது உள்ள நியோக்கள்…” அட்டர்னி தாளைத் திருப்பிப் பார்த்தார். “ஒருவர். எலிசார்.”

எலிசார் நெஞ்சில் கை வைத்தான். பன்னிரண்டு வரியும் சொன்னான். “நான் உறுப்பினன் ஆயிட்டா, நியோ யாரு?”

மெர்வின் புத்தகத்தைப் புரட்டினான். “யாருமில்ல.”

மறுபடி பன்னிரண்டு வரி. “அப்ப ரத்தம்?”

“உனக்கு உரிமை இருக்குப்பா,” என்றார் அட்டர்னி பொறுமையாக. “கொடுக்க ஆள் இல்லைன்னா அது உரிமையோட குத்தமா? சட்டைய மடக்கு.”

இரண்டு பேர் தோளைத் தட்டி அவனை நாற்காலியில் உட்கார வைத்தார்கள். மெர்வின் சட்டைக் கையை மேலே தள்ளிவிட்டு ஸ்பிரிட் தடவினான். குளிர்ந்தது. இயந்திரம் உறும ஆரம்பித்தது. இந்த ஊசி தோலில் பட்டால் அவனிடம் இருக்கிற அந்த ஒரு பையும் போயிற்று. அம்மாவுக்கு என்று இந்த உலகத்தில் நிச்சயமாக இருந்தது அது ஒன்றுதான்.

எலிசார் கையை இழுத்துக்கொண்டான்.

“இங்க யாராவது ஒருத்தர், ஒரே ஒருத்தர், வாழ்நாள்ல ஒரு தடவையாவது ரத்தம் குடுத்திருக்கீங்களா?”

அறை அதிர்ந்து போயிற்று. கேள்விக்காக அல்ல. உறுதிமொழி சொல்லாமல் கேட்டதற்காக.

மகா தலைவர் எழுந்து எல்லாரையும் அமைதிப்படுத்தினார். அவர் கண்ணில் தண்ணீர் கட்டியிருந்தது. அதுதான் கொடுமை, ஐயா, அந்த மனிதர் நிஜமாகவே உருகினார்.

“தம்பி கேட்டுட்டான். பதில் சொல்றது என் கடமை. பதினொரு வருஷத்துல நம்ம சங்கம் ஆயிரத்து நானூறு பை ரத்தம் திரட்டியிருக்கு. அதுல நம்ம ரத்தம் ஒரு சொட்டுகூடக் கலக்கல! நாம குடுத்திருந்தா என்ன சொல்வாங்க? பெருமைக்குக் குடுக்கிறான்னு சொல்வாங்க. ரத்தம் குடுக்கிறது சுலபம் தம்பி. மூட்டை தூக்கறவன்கூடக் குடுக்கிறான். படுத்தா போதும், அதுவா வந்துடும். ஆனா குடுக்கவைக்கிறது? பேனரைக் கீழே விடாம மூணு மணி நேரம் தூக்கிப் பிடிக்கிறது? எனக்குத் தோள்பட்டையே இறங்கிப்போச்சு. அந்தத் தியாகத்த நாங்க யாருகிட்டயாவது சொல்லிக்காட்டினோமா?”

நான்கைந்து பேர் மூக்கை உறிஞ்சினார்கள். அட்டர்னி, “இதைப் பதிவேட்டில் ஏத்து” என்றார். மெர்வின் ஊசியை வைத்துவிட்டுப் பேனாவை எடுத்தான். அந்த இடைவெளியில் எலிசார் எழுந்து வெளியே போய்விட்டான். அனுமதி கேட்காமல் ஒரு நியோ வெளியேறினால் என்ன செய்வது என்று விதியில் இல்லை. அவன் தெரு முனை தாண்டும்வரை உள்ளே அதைத் தேடிக்கொண்டிருந்தார்கள்.

துறைமுகத்தில் பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. இரத்தம் கொடுத்தவர்களின் பெயரும் போன் நம்பரும் அவன் கையால் எழுதியவைதான். அவை சங்க அலமாரியில், உறுப்பினர் மட்டும் திறக்கலாம் என்ற பூட்டுக்குள் இருந்தன. நம்பர் எதற்கு? ஆட்கள் இங்கே இருக்கிறார்கள். ஆனாலும் கால் தயங்கிற்று. சங்கத்துக்காக இவர்களிடம் கெஞ்சும்போது கூசாத வாய், தனக்கென்று கேட்க அப்படிக் கூசியது. வழியில் அவன் போனில் சொன்னதைக் கேட்டு ஓடிவந்த ஜோவெலின்தான் முதுகில் ஒரு தள்ளு தள்ளினாள்.

“ஊருக்கெல்லாம் கேட்டியேடா, உங்கம்மாவுக்குக் கேக்க என்னடா வெக்கம்? ஒரு பை நான் தரேன். என் உடம்புல அந்தக் கழுதைங்க ஒண்ணும் எழுதல. போ, போய்க் கேளு.”

மூட்டைத் தூக்கிகளின் தலைவர் இக்மெடியோ அரிசி மூட்டை மேல் உட்கார்ந்து வறுத்த வேர்க்கடலை தின்றுகொண்டிருந்தார். ஐம்பது வயது, முகாமில் பதினொரு தடவை கொடுத்தவர். எலிசார் பாதி சொல்லும்போதே, “எத்தனை மணிக்கு?” என்றார். முழுக்கக் கேட்ட பிறகு கடலையை மெல்லுவதை நிறுத்தினார்.

“அப்ப, அந்த முழுக்கைச் சட்டைக்காரங்க யாருமே குடுத்ததில்லையா?”

“இல்ல, நோங்.” மூத்தவரை ஊரில் அண்ணன் என்கிற மாதிரி அப்படித்தான் கூப்பிடுவோம்.

“நான் பதினொரு தடவை குடுத்தேனேடா. அப்ப அந்தச் சங்கத்துல நான் யாரு?”

“விதிப்படி யாருமில்ல, நோங்.”

இக்மெடியோ வயிறு குலுங்கச் சிரித்தார். சிரித்துவிட்டுத் திரும்பி, “டேய், நாளைக்குக் காலைல யாரும் குடிச்சுட்டு வராதீங்கடா!” என்று சத்தம் போட்டார். மறுநாள் ஏழு மணிக்கு இரத்த வங்கி வாசலில் எலிசாரையும் ஜோவெலினையும் சேர்த்து ஒன்பது பேர் நின்றார்கள். நர்ஸ் க்ளாரிபெல் மூன்று பேர் போதும் என்று எவ்வளவோ சொல்லியும் ஒருவரும் நகரவில்லை. கடைசியில் ஒன்பது பேரையும் எழுதிக்கொண்டாள். எலிசாரும் ஜோவெலினும் பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில் படுத்திருந்தார்கள். அவன் அழுததை அவள் பார்க்காத மாதிரி கூரையைப் பார்த்தாள்.

அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், பார்வையாளர் நேரத்தில், பதினான்கு சகோதரர்களும் அட்டர்னியும் வார்டுக்குள் வரிசையாக வந்தார்கள். பேனரும் வந்தது. வார்டின் நீளம் போதாததால் இரண்டு மடிப்பு மடித்துப் பிடித்தார்கள். மகா தலைவர் ஒரு தாளைப் பிரித்தார். சங்கம் கூடி ஆராய்ந்து, எலிசாரை முத்திரையின்றியே தற்காலிக உறுப்பினனாக முன்தேதியிட்டு ஏற்றுக்கொண்டுவிட்டது. ஆகவே வெள்ளிக்கிழமை அவன் அம்மாவுக்குக் கிடைத்தது ஏழாவது விதியின்படி சங்கம் வழங்கிய இரத்தம். ஒன்பது பை. விதி அனுமதித்ததைவிட ஆறு பை அதிகம் வழங்கியதற்காகச் சங்கம் தன்னைத்தானே மன்னித்துக்கொண்டது.

“ஒரு போட்டோ மட்டும்மா,” என்றான் மெர்வின். “நீங்க நன்றி சொல்ற மாதிரி.”

நெலியா தலையணையில் சாய்ந்தபடி பேனரை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பார்த்தாள். சந்தையில் இருபது வருடம் கருவாடு விற்றவள். எது நல்லது எது வீச்சம் என்று தொட்டுப் பார்க்கத் தேவையில்லாதவள்.

“தோத்தோ, இவங்கள்ல யாரு எனக்கு ரத்தம் குடுத்தது?”

“யாருமில்லம்மா.”

“இவங்கள்லாம் டாக்டருங்களா?”

“இல்லம்மா.”

“சொந்தமா?”

எலிசார் பதில் சொல்லுமுன் மகா தலைவர் முந்திக்கொண்டு, “சகோதரர்கள், அம்மா” என்றார்.

“அப்படியா,” என்றாள் நெலியா, எங்கள் ஊர் இழுவையில், தாலாட்டு மாதிரி. “கொஞ்சம் எல்லாரும் வெளிய போங்கய்யா. கட்டிலைச் சுத்தி நிக்கறீங்க, காத்தே வரல.”

பேனர் பிடித்திருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். உறுப்பினர் அல்லாத ஒருவருக்கு, அதுவும் படுத்திருக்கும் நிலையில், மகா தலைவரை வெளியே போகச் சொல்லும் அதிகாரம் உண்டா என்று அட்டர்னி தாழ்ந்த குரலில் ஒரு சந்தேகத்தைக் கிளப்பினார். மெர்வின் சிவப்புப் புத்தகத்தைத் திறந்தான். எலிசார் எழுந்து போய் வார்டுக் கதவை விரியத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றான். உறுதிமொழி எதுவும் சொல்லவில்லை. முதலில் வெளியேறவேண்டியவர் மகா தலைவரா ஆலோசகரா என்பது முடிவாகக் கொஞ்ச நேரம் பிடித்தது. அது முடிந்ததும், பதவி வரிசைப்படி, ஒவ்வொருவராகப் போனார்கள்.